மோட்டார் விபத்தும் காப்புறுதிப் பொறுப்பும்

ஈழநாட்டின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சம், அநுராதபுரத்திலிருந்து நாற்பத்துநான்கு ஆண்டு அரசோச்சிய எல்லாள மன்னனைப் பற்றிக் கூறுமிடத்து இரண்டு தேர் விபத்துக்களைக் குறிப்பிடுகின்றது. முதலாவதனை நாம் எல்லோரும் அறிவோம். அரசனுடைய ஒரே மைந்தன் திசவாவிக்குத் தேரூர்ந்து சென்றபொழுது, வழியிலே தாய்ப்பசுவின் அருகிற் கிடந்த இளங்கன்றின் கழுத்தில் அவனறியாமலே தேர்க்கால் ஏறிற்று. பசு வந்து மணியை இழுத்தது. மன்னன் அதே தேர்க்காலினால் மைந்தனின் தலையை அறுப்பித்தான். திருவாரூரிலே மனுநீதிச் சோழன்மேல் வைத்துப் பெரியபுராணம் கூறுவதும் இதனையொத்த வரலாறே.

இரண்டாவது விபத்து அத்துணைப் பேசப்படுவதில்லை. மன்னன் தானே தேரிற் சென்ற ஒருநாள், நுகத்தின் முனை பௌத்த தூபி ஒன்றிற் பட்டுக் கற்கள் பெயர்ந்தன. அறியாது நேர்ந்த பிழையேயெனினும், மன்னன் தேரினின்றுங் குதித்து வீதியிற் கிடந்து, தன் தலையையும் அத் தேர்க்காலினால் அறுக்கும்படி கேட்டான். அமைச்சர் உடன்படவில்லை; தூபியைத் திருத்திக் கொடுப்பதே தக்கது என்றனர். பெயர்ந்த பதினைந்து கற்களை மீளவைப்பதற்கு மன்னன் பதினையாயிரங் காசு செலவிட்டான் என்பது அந்நூல் தருஞ் செய்தி.

இவ்விரு தீர்ப்புக்களையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. மகாவம்சம் கூறும் முதலாவது நிகழ்ச்சியில், பிழைசெய்தவன் தண்டனை பெற்றான்; பசுவுக்குக் கன்று மீளவில்லை. இரண்டாவதில் எவர் தலையும் விழவில்லை, இடிந்தது எழுந்தது. இக்காலச் சட்டம் முதலாவது வழியைக் குற்றவியல் என்றும் இரண்டாவது வழியைக் குடியியல் என்றும் பிரித்து வழங்கும். ஒரே விபத்திலிருந்து இருவகை வழக்கும் பிறக்கலாம். ஆயின், ஒன்று மற்றொன்றன் வேலையைச் செய்யாது. இந்த வேறுபாட்டை அறியாமையால் எமது பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் தமக்குரியதை இழந்திருக்கின்றன. சட்டத்தொழில் செய்பவனல்லேன், ஆசிரியன். எனினும், இவ்விடயத்தை எளிதாக எடுத்துக்கூற வேண்டிய கடமை எனக்கு உண்டு. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் எமது வீதியைப் பற்றிச் சில சொற்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவில் வந்தடைந்து, பின் கடலோரமாக வடக்கே மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையே அம்பாறைக் கரையூர்களின் முதுகெலும்பு. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என ஊரோடு ஊர் ஒட்டி நிற்கின்றது. ஓர் ஊரின் முடிவும் மற்றோரூரின் தொடக்கமும் புதியவருக்குப் புலப்படா. பள்ளிவாசலும் கோயிலும் பாடசாலையும் சந்தையும் இவ்வீதியின் இருமருங்கிலுமே அமைந்துள்ளன. தூரத்துப் பஸ்ஸும் லொறியும் செல்லும் அதே தாரில் முச்சக்கர வண்டியும், துவிச்சக்கர வண்டியிற் செல்லும் மாணவியும், மாலையில் வீடு திரும்பும் மாடும் செல்ல வேண்டியிருக்கின்றது. பெரும்போக அறுவடைக் காலமாகிய மாசி, பங்குனி மாதங்களில் நெல்மூடை ஏற்றிய உழவு இயந்திரங்கள் இரவுபகலாக ஓடும். சில இடங்களில் நெல்லும் வீதியோரத்திலேயே காயும். இத்தகைய வீதியில் விபத்து நேர்வது வியப்பன்று. நேர்ந்தபின் நாம் நடந்துகொள்ளும் முறையே சிந்தித்தற்குரியது.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகையதோர் அறுவடைக் காலத்து இரவில், என்னிடம் கல்விகற்ற இளைஞர் ஒருவர் அக்கரைப்பற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். உழவு இயந்திரம் ஒன்று பழுதுற்று, பின்னிணைந்த பெட்டியோடு வீதியின் ஒரு பாதியை மறித்து நின்றது. பெட்டியின் பின்புறத்தில் விளக்குமில்லை; சிவப்பு ஒளிதெறிப்பானுமில்லை; மரக்கொப்பு ஒன்றுகூட முறித்து வைக்கப்படவில்லை. இளைஞர் அதன்மேல் மோதினார். வலக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. இயந்திரத்தின் உரிமையாளர் அயலூரவர்; தூரத்து உறவினருங்கூட. ஊர்ப் பெரியோர் கூடிப் பேசினர். எழுபத்தையாயிரம் ரூபா கொடுப்பதென்றும், இனி எவர்மீதும் எவ்வகை உரிமையுங் கோருவதில்லையென எழுதிக் கையொப்பமிடுவதென்றும் முடிவாயிற்று. பட்டதாரி ஆசிரியர் ஒருவர் அத்தாளைத் திருத்தமான தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்த ஆசிரியர் நானே.

அன்று நான் நன்மை செய்ததாகவே எண்ணினேன். மூன்றாவது ஆண்டு தொடங்கியபின், இளைஞரின் தந்தையார் ஆங்கிலக் கடிதமொன்றைக் கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "சேர், இதில என்ன எழுதியிருக்கெண்டு பாருங்க" என்றார். உழவு இயந்திரம் காப்புறுதி செய்யப்பட்டிருந்ததைப் பிந்தி அறிந்து அவர்கள் அனுப்பிய விண்ணப்பத்துக்கு வந்த மறுமொழி அது. அதிலே மூன்று காரணங்கள் கூறப்பட்டிருந்தன. காப்புறுதி செய்தவரின் கவனயீனம் நிரூபிக்கப்படவில்லை. கோருபவர் தம் உரிமையைக் கைவிட்டு எழுதிக் கொடுத்துள்ளார். வழக்குத் தொடுத்தற்குரிய காலம் கடந்துவிட்டது. மூன்றும் சட்டப்படி சரியானவை என்பதைப் படித்தறிய எனக்குப் பல வாரங்கள் சென்றன. அவற்றை ஒவ்வொன்றாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்புறுதி இருந்தால் காயமுற்றவருக்குப் பணம் கிடைக்கும் என்பது பொதுமக்கள் எண்ணம். அது பாதி உண்மையே. மூன்றாந் திறத்தாருக்கான காப்புறுதி, காயத்துக்காகப் பணம் தருவதன்று. காப்புறுதி செய்தவருக்குச் சட்டப்படி ஏற்படும் பொறுப்புக்காகவே பணம் தருவது. பொறுப்பு இல்லையேல் பணமும் இல்லை. அந்தப் பொறுப்போ பெரும்பாலும் கவனயீனத்தினாலேயே உண்டாகின்றது. ஆகவே, கவனயீனம் என்பது யாது என்னும் வினாவை முதலில் தீர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இவ்வினாவுக்கு விடைகாண நாம் உரோமாபுரி வரை செல்லவேண்டியிருப்பது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். இலங்கையில் திருமணம், சொத்துரிமை முதலியவற்றில் தேசவழமையும் முஸ்லிம் சட்டமும் கண்டியச் சட்டமும் அவ்வவர்க்கு உரியனவாய் நிற்க, ஒருவர் மற்றொருவருக்கு விளைத்த தீங்குக்கு ஈடுசெய்வதில் எல்லோர்க்கும் பொதுவாய் நிற்பது ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன்-டச்சுச் சட்டம். ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டு செத்தெம்பர் 23ஆந் திகதிப் பிரகடனத்தால் அதனைத் தொடர்ந்து நிலைக்கச் செய்தனர். அதன் வேர், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் உரோமரியற்றிய அக்குவிலியச் சட்டம். பிறனுடைய அடிமையையோ நாற்கால் விலங்கையோ முறையின்றிக் கொன்றவன் அதன் விலையைக் கொடுத்தல் வேண்டும் என்பதே அதன் முதற்பகுதி. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, சட்ட அறிஞரின் விளக்கத்தினால் அது கவனயீனத்தால் விளையும் சேதம் அனைத்துக்கும் உரிய பொதுவிதியாக வளர்ந்தது.

அவ்வறிஞருள் கி.மு. முதலாம் நூற்றாண்டினராகிய அல்பீனுஸ் என்பவரிடம் வந்த வழக்கொன்றை யுஸ்தீனியப் பேரரசன் 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பிற் காணலாம். கப்பித்தோல் என்னுங் குன்றிலே கோவேறு கழுதைகள் பூட்டிய இரண்டு பாரவண்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. முன்வண்டியை அதன் ஆட்கள் பின்னின்று தாங்கித் தள்ளினர். திடீரென முன்வண்டி பின்னோக்கி உருண்டது. இடையில் நின்ற ஆட்கள் விலகிக்கொண்டனர். முன்வண்டி பின்வண்டியை மோத, பின்வண்டி உருண்டு ஒரு சிறுவன் மேல் ஏறிற்று. அவன் ஓர் அடிமை. யார்மேல் வழக்குத் தொடுப்பது என அவனுடைய உடையவன் கேட்டான்.

அல்பீனுஸ் ஒருவரையுஞ் சுட்டிக்காட்டவில்லை. விடை காரணத்திலேயே தங்கியுள்ளது என்றார். தாங்கிநின்ற ஆட்கள் தாமாகவே கைவிட்டு விலகியதால் வண்டி உருண்டதாயின், பொறுப்பு அவர்களுடையது. கழுதைகள் எதையோ கண்டு மிரண்டதால், ஆட்கள் நசுங்காதிருக்க விலகினராயின், அவர்கள்மீது குற்றமில்லை. கழுதைகளின் உடையவனே பதில் கூறவேண்டும். கழுதைகள் பாரந் தாங்காது வழுக்கி விழ, ஆட்களும் தாங்க இயலாது போயினராயின், ஒருவரும் பொறுப்பாளியல்லர். எவ்வாறாயினும், மோதுண்டு உருண்ட பின்வண்டிக்காரன்மேல் வழக்கில்லை.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இவ்விடையில் இன்றைய மோட்டார் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கின்றது. சிறுவன்மேல் ஏறிய வண்டி எது என்பதன்று கேள்வி. எவர் செய்ய வேண்டியதைச் செய்யாது விட்டார் என்பதே கேள்வி. அதனை அளத்தற்குச் சட்டம் ஒரு கற்பனை மனிதனை நிறுத்துகின்றது. அவன் ஞானியுமல்லன், வீரனுமல்லன். தன் குடும்பத்தைக் கருத்தோடு நடத்தும் சாதாரணக் குடும்பத் தலைவன். அவன் அவ்விடத்தில் இருந்திருந்தால் தீங்கு நேரக்கூடுமென முன்னறிந்திருப்பானா? அறிந்து அதனைத் தடுக்க ஏதேனும் செய்திருப்பானா? நம்முன் நிற்பவர் அதனைச் செய்யத் தவறினாரா? மூன்றுக்கும் ஆம் என்பது விடையாயின், அது கவனயீனம். இருளில் வீதியை மறித்து நின்ற பெட்டியின் பின்னே ஒரு விளக்கைத் தொங்கவிடுதல் குடும்பத் தலைவன் எவனும் செய்யக்கூடியதே. இளைஞரின் வழக்கில் இம்மூன்று வினாவுக்கும் விடையுண்டு. ஆயின் விடையைக் காட்டும் சான்றை அன்று ஒருவரும் சேர்த்துவைக்கவில்லை.

கவனயீனம் நிறுவப்பட்டால் எதற்கெல்லாம் ஈடு பெறலாம்? மருத்துவச் செலவு, இழந்த கூலி, இனி இழக்கப்போகும் வருமானம் ஆகிய பொருளிழப்பு முதன்மையானது. காயமுற்றவர் பட்ட நோவுக்கும் அங்கவீனத்துக்கும் ஒரு தொகை கேட்கலாம். உழைப்பாளி இறந்தால், அவர் உழைப்பில் வாழ்ந்தோர் தாம் இழந்த ஆதரவைக் கோரலாம். ஆயின், இன்னும் உழைக்கத் தொடங்காத குழந்தை இறந்தால் யாது செய்வது? பொருளிழப்பையே அளவாகக் கொண்ட பழைய சட்டம் இங்கு ஏறக்குறைய வாய்மூடி நின்றது. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு உரோமன்-டச்சுச் சட்டத்தில் ஈடு இல்லையென, மருத்துவக் கவனயீன வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. அக்குறையைத் தீர்க்கவே, நெருங்கிய உறவினர் அத்தகைய இழப்புக்கும் ஈடு கோரத்தக்கதாக 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பாடசாலை வாயிலில் பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இது சிறிய மாற்றமன்று.

அடுத்து, பொறுப்பாளி யார் என்பது. வாகனத்தை ஓட்டியவர் முதற்பொறுப்பாளி. அவர் சம்பளத்துக்கு ஓட்டுபவராயின், முதலாளியின் வேலையாகச் சென்றபோது நேர்ந்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பாளியாவார். முதலாளியின் வேலையை முற்றாக விட்டு, தன் சொந்த உல்லாசத்துக்காக வண்டியை எடுத்துச் சென்றானாயின், முதலாளி பொறுப்பிலிருந்து நீங்கலாம். ஆகையால் அன்று வண்டி எங்கே, யாருக்காகச் சென்றது என்னும் சிறு விபரமும் வழக்கின் போக்கை மாற்றும். நெல்மூடையின் மேலிருந்து விழுந்த கூலியாளர் வேலையில் ஈடுபட்டிருந்தவராயின், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை நாடலாம். அச்சட்டத்தில் முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கவேண்டியதில்லை. வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்த காயம் என்பதே போதும்.

காயமுற்றவரிடத்தும் தவறிருந்தால்? பழைய ஆங்கிலத் தீர்ப்புக்கள் இரண்டு இதனை நன்கு விளக்குவன. 1809இல் தீர்ந்த வழக்கில், டார்பி நகரத்தில் ஒருவர் தம் வீட்டைத் திருத்துவதற்காக வீதியின் குறுக்கே ஒரு கம்பத்தை இட்டிருந்தார். அந்தி வேளையில் குதிரையைக் கடுவேகமாகச் செலுத்திவந்த மற்றொருவர் அதில் மோதி விழுந்தார். மெல்ல வந்திருந்தால் கண்டிருக்கலாம் என்று கூறி அவருக்கு ஒரு காசும் இல்லையென்றனர். 1842இல் தீர்ந்த வழக்கில், முன்னங்கால்கள் பிணைக்கப்பட்ட கழுதையொன்று வீதியில் விடப்பட்டிருந்தது. வேகமாக வந்த குதிரைவண்டி அதனைக் கொன்றது. கழுதையை வீதியில் விட்டது பிழையேயாயினும், இறுதியில் அதனைத் தவிர்த்திருக்கக் கூடியவன் வண்டிக்காரனே என்று கூறி, முழு நட்டமும் அவன் தலையில் வைத்தனர். ஒருவருக்கு எல்லாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை என்னும் இவ்வகைத் தீர்ப்பின் கடுமையை நீக்கி, தவறின் விகிதத்துக்கேற்ப ஈட்டைப் பகிரும் முறையை இங்கிலாந்து 1945இலும், இலங்கை 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஏற்றன. பத்து இலட்சம் ரூபா இழப்பில் காயமுற்றவரின் தவறு நூற்றுக்கு முப்பது என நீதிமன்றம் கண்டால், அவர் ஏழு இலட்சம் பெறுவார். "எங்கட பிள்ளையும் கொஞ்சம் வேகமாத்தான் வந்தது" என்று கூறிப் பின்வாங்கும் தந்தையர் இதனை அறிதல் வேண்டும். கொஞ்சந் தவறு கொஞ்சத்தைக் குறைக்கும், முழுவதையும் அழிக்காது.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். 1896 ஆகத்து 17இல் இலண்டன் பளிங்கு மாளிகை மைதானத்தில் ஒரு பெண்மணி மோட்டார் வண்டியால் மோதுண்டு இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டியால் இறந்த முதற் பாதசாரி அவரே. இத்தகைய நிகழ்ச்சி இனி நேராது என நம்புவதாக அன்று மரண விசாரணை அதிகாரி கூறினார். வண்டிகள் பெருகின, மரணங்களும் பெருகின. வழக்கில் வென்றவர் ஏழைச் சாரதியிடமிருந்து தீர்ப்புத் தாளைத் தவிர வேறொன்றும் பெறாத நிலை ஏற்பட்டது. இதனாலேயே 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தால் அந்நாடு மூன்றாந் திறத்தார் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. எமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பிறருக்கு நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான காப்புறுதி இன்றி எவ்வாகனமும் பெருந்தெருவில் ஓடலாகாது.

இதன் செயல்முறையைக் கூர்ந்து நோக்குக. வழக்குத் தொடுப்பது சாரதிமீதும் உரிமையாளர்மீதும். அவர்களுக்கு எதிராக மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அத்தொகையைச் செலுத்தும் கடமையை மேற்படி சட்டம் காப்புறுதிக் கம்பனிமேல் சுமத்துகின்றது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வழக்குத் தொடுக்கு முன்னரோ, தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ, வழக்கைப் பற்றிய அறிவித்தல் கம்பனிக்குக் கொடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இதனை மறந்தவர் வழக்கில் வென்றும் கம்பனியிடமிருந்து பெறமுடியாது நிற்பர். மற்றொரு எல்லை காலம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இத்தகைய நட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். பராயமடையாப் பிள்ளைகளுக்கு அச்சட்டம் சலுகை காட்டுகின்றது. வளர்ந்தோருக்கு அது இல்லை. பேச்சுவார்த்தை நடக்கின்றது என்று காத்திருந்தமையால் காலம் நின்றுவிடாது.

பொலிசார் வழக்குப் போட்டுச் சாரதிக்குத் தண்டம் விதிக்கப்பட்டுவிட்டால் நட்டஈடு தானே வரும் என்பது மற்றொரு மயக்கம். நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது எல்லாளனின் முதல் தீர்ப்பு. கவனயீனத்தால் மரணம் விளைத்தவனுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கும். அங்கே நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்படுதல் வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் எது பெரும்பாலும் நடந்திருக்கக் கூடியது என்னும் நிறுவையே போதும். ஆதலால் நீதவான் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றவர் மாவட்ட நீதிமன்றத்தில் பொறுப்பாளியாகலாம். அங்கே தண்டம் செலுத்தப்பட்டது என்பதற்காக இங்கே ஈடு தானாகக் கிடைப்பதுமில்லை.

இவ்வளவு வழியிருந்தும் எம்மவர் அதனை நாடாமைக்கு அறியாமை மாத்திரம் காரணமன்று. எங்கள் ஊர்களில் மோதியவரும் மோதுண்டவரும் பெரும்பாலும் அறிமுகமானவர், பலவேளை உறவினர். முஸ்லிம் மக்களிடத்தில், எல்லாம் இறைவன் நியதி என்னும் பொறுமை உண்டு; இந்துக்களிடத்தில் விதி, வினைப்பயன் என்னும் ஆறுதல் உண்டு. இரண்டும் துயருற்ற உள்ளத்துக்கு மருந்தாவன. அவற்றை நான் குறைகூறேன். ஆயின், இஸ்லாமியச் சட்டமே தவறுதலாக நேர்ந்த மரணத்துக்குத் 'தியா' என்னும் ஈட்டுத்தொகையை விதித்திருப்பது நோக்கத்தக்கது. இறைநியதியை நம்புதலும் ஈடு பெறுதலும் அங்கே முரண்படவில்லை. அன்றியும், அத்தொகையைத் தவறிழைத்தவன் தனியே சுமக்காது, அவனுடைய குலத்தார் பகிர்ந்து சுமக்கவேண்டுமென அச்சட்ட அறிஞர் வகுத்தனர். ஒருவன் தலையில் விழும் சுமையைப் பலர் பகிர்தல் என்னும் காப்புறுதியின் கருத்து அதிலே பொதிந்திருக்கின்றது.

இங்கேதான் நான் கூறவந்த முதன்மையான செய்தி உள்ளது. அயலவர்மேல் வழக்குப் போட்டால் அவர் வயலும் வளவும் போய்விடும் என்று அஞ்சியே பலர் சமாதானமாகின்றனர். ஆயின் அவர் வயலைக் காப்பதற்காகவே அவர் ஆண்டுதோறும் காப்புறுதிக் கட்டணம் செலுத்தி வருகின்றார். கவனயீனத்தை நிறுவினாலன்றி அந்த நிதியின் கதவு திறவாது. நாமோ, "அவர் நல்ல மனிதர், அவரைக் கவனயீனர் என்று எப்படிச் சொல்வது" என்று கூறிக் கதவை நாமே சாத்திவிடுகின்றோம். விளைவு யாது? அயலவர் தம் கையிலிருந்த சிறுதொகையைக் கொடுத்து இழக்கின்றார். காலிழந்தவர் வாழ்நாள் முழுதும் வறுமையுறுகின்றார். பெருந்தொகை கொடுக்கக் கடமைப்பட்டிருந்த கம்பனி ஒன்றுங் கொடாது விடுபடுகின்றது. சட்டத்தில் கவனயீனம் என்பது ஒருவரின் குணத்தின்மேல் வைக்கும் பழியன்று. ஒருநாள், ஓரிடத்தில், ஒரு விளக்கு வைக்கப்படவில்லை என்னும் செய்தி மாத்திரமே. நல்ல மனிதரும் விளக்கு வைக்க மறப்பதுண்டு.

சமாதானமே கூடாதென்று நான் கூறவில்லை. இழப்பின் அளவை அறிந்து, சட்டத்தரணியின் ஆலோசனையோடு, காப்புறுதியாளரையும் சேர்த்துச் செய்யும் சமாதானம் வழக்கினும் மேலானது. அளவறியாது, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வைத்துக் கையொப்பமிடுவிக்கும் சமாதானமே தீது.

தவறு உண்டோ இல்லையோ காயமுற்றவர் ஆதரிக்கப்பட வேண்டும் என்னும் கொள்கையும் உலகில் வலுப்பெற்று வருகின்றது. நியூசிலாந்து 1974 முதல் விபத்துக் காயங்கள் அனைத்துக்கும் தவறு வினாவாது ஈடளிக்கும் பொதுத்திட்டத்தை நடத்துகின்றது. இந்தியாவில், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், கவனயீனத்தை நிரூபியாமலே மரணத்துக்கு ஐந்து இலட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சமும் இந்திய ரூபா பெற வழிசெய்துள்ளது. எமது நாட்டிலும், அடித்துவிட்டு ஓடிய வாகனம் அடையாளங் காணப்படாதவிடத்து, வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையின் நிதியுதவியை நாடலாம். எனினும் சாதாரண விபத்தில் எமது சட்டத்தின் அடிக்கல் இன்றுங் கவனயீனமே. அடிக்கல் மாறும்வரை அதன்மேல் நின்றே நாம் உரிமை கோர வேண்டும்.

ஆதலின், விபத்து நேர்ந்தவுடன் செய்யத்தக்கவற்றை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் நன்று. காயமுற்றவரை மருத்துவமனைக்கு அனுப்புவது முதற்கடமை. உடன்நின்ற ஒருவர் வாகனங்கள் நின்ற நிலையையும், தடுப்புக் கட்டையின் தேய்வுத் தடத்தையும், சிதறிய கண்ணாடியையும், விளக்கு இருந்ததா இல்லையா என்பதையும் கைப்பேசியிற் படம்பிடித்து வைத்தல் வேண்டும். இன்று அதற்கு ஒரு மணித்துளியே வேண்டும். மறுநாட் காலையில் அவ்விடத்தில் ஒன்றும் இராது. கண்டவர்களின் பெயரும் முகவரியும், வாகன இலக்கமும், காப்புறுதிச் சான்றிதழின் இலக்கமும் அது நடைமுறையிலிருக்கும் காலமும் குறிக்கப்படல் வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மருத்துவ அறிக்கைகள், செலவுச் சீட்டுகள், சம்பளத்துக்கோ கூலிக்கோ உரிய சான்று ஆகியவற்றை ஒரே உறையிற் சேர்த்து வைத்தல் வேண்டும். வாசித்து விளங்காத எத்தாளிலும் கையொப்பமிடலாகாது. பொருள்வசதியற்றோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்ற சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். இவை யாவும் இரண்டு ஆண்டு என்னும் எல்லைக்குள் நடைபெறல் வேண்டும்.

இக்கட்டுரையை ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் வாசிக்கும் மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எமது ஊர்களில் ஆங்கிலக் கடிதமோ முத்திரையிட்ட தாளோ வந்தால், அது சட்டத்தரணியிடம் போகுமுன் ஆசிரியர் வீட்டுக்கே வருகின்றது. ஊரார் எம்மை நம்பி நீட்டும் பேனாவினால் நாம் எழுதும் நான்கு வரி, ஒரு குடும்பத்தின் உரிமையைக் காக்கவும் கூடும்; அழிக்கவும் கூடும். நான் எழுதிய நான்கு வரி யாது செய்தது என்பதை மேலே கூறினேன். அவ்விளைஞர் இன்று கல்முனையில் ஒரு சிறு கடையில் இருந்து வேலை செய்கின்றார். என்னைக் கண்டால் எழுந்து நிற்க முயல்வார். அதைத் தடுப்பதற்காகவே நான் விரைந்து உள்ளே சென்று அமர்ந்துவிடுவேன். அவர் என்மேல் எவ்விதக் குறையுஞ் சொன்னதில்லை.

எல்லாளனின் அமைச்சர், வீதியிற் கிடந்த மன்னனை நோக்கி அவன் பிழைசெய்யவில்லை என்று முகமன் கூறவில்லை. அவன் தலையையுங் கேட்கவில்லை. நேர்ந்த தவறை நேர்ந்தவாறே ஏற்று, பெயர்ந்த கற்களை எண்ணி, அவற்றை மீளவைப்பதற்கான வழியைக் கூறினர். எமது வீதிகளிலும் அடுத்த விபத்து நேரும்போது அருகில் நிற்பவர் நாமாக இருக்கலாம். அப்பொழுது பழிதூற்றாமலும், மூடிமறையாமலும், முதலிற் கற்களை எண்ணிக் குறித்துவைப்போமாக.